ஒரு தட்டு உபரி

தேவகோட்டை நகராட்சி முதியோர் காப்பகத்தில்
அனுமதிக்கப்பட்ட கட்டில் பதினெட்டு.
முன்பு இது பிரசவ ஆஸ்பத்திரி.
தடுப்பூசி அட்டவணை இன்னும் சுவரில் இருக்கிறது:
ஒன்றரை மாதம், இரண்டரை மாதம் என்று இறங்கி
ஐந்து வயதோடு நின்றுவிடுகிறது.

சேவுகன் பத்தொன்பதாவது ஆள்.
போன ஐப்பசி மழையில்
பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்த போலீஸ்காரர்
பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுப் போனார்.
ஏழாம் கட்டிலுக்கும் எட்டாம் கட்டிலுக்கும் நடுவே
பாய் விரித்தேன்.
ஆதாருக்கு ரேகை வைத்தால் மிஷின் ஏற்கவில்லை.
சுண்ணாம்புக் காளவாயில் நின்ற விரல்கள்.
பதிவேட்டில் ஏறாதவருக்கு அரிசி வராது.
கஞ்சியில் ஒரு சொம்பு தண்ணீர் கூட்டினேன்.
அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

தை மாதம், வியாழக்கிழமை, தணிக்கை.
எனக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
அறுபது ரூபாய் கொடுத்து,
"காரைக்குடி வரைக்கும் போயிட்டு வாங்க,
ஆறு மணிக்கு மேல வந்தாப் போதும்" என்றேன்.
"பொம்பளையாப் பொறந்திருந்தா டிக்கெட் மிச்சம்" என்றார்.
கறை உள்ளே போகும்படி
வேட்டியைத் திருப்பிக் கட்டிக்கொண்டார்.

வந்தவர் கட்டிலை எண்ணினார், போர்வையை எண்ணினார்,
அலமாரியைத் திறந்து தட்டை எண்ணினார்.
"பத்தொன்பது இருக்கே?"
நான் வாய் திறக்குமுன் எட்டாம் கட்டில் சாத்தப்பன்,
சேவுகன் குறட்டை விடுகிறார் என்று
தினமும் என்னிடம் புகார் சொல்கிற அதே சாத்தப்பன்,
"அது எனக்கு. ரசத்துக்குத் தனித் தட்டு இல்லேன்னா
சோறு இறங்காது" என்றார்.
ஒரு தட்டு உபரி என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆறு மணி. ஏழு.
கேட்டைப் பூட்டாமல் நின்றேன்.
ஏழரைக்கு வந்து, மடியை அவிழ்த்து
மேசைமேல் கொட்டினார்.
டிக்கெட் போக, டீ போக, எண்பத்து நாலு ரூபாய்.
"கொப்புடையம்மன் கோயில் வாசல்ல
நிழலுக்குத்தான் உட்கார்ந்தேன்.
கேக்காமயே போட்டுட்டுப் போறாங்க."
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"கணக்குல ஏத்திக்க தாயி."

ஊசி கொதிக்கவைத்த பழைய டப்பாவில்
போட்டு வைத்தேன்.

மாசியில் பதினொன்றாம் கட்டில் அடைக்கலம் போனார்.
வண்டிக்கு நகராட்சி பணம் தரும்,
மாலைக்குத் தராது.
டப்பாவைத் திறந்தோம்.
பூக்காரி ஆறு ரூபாய் குறைத்துக்கொண்டாள்.

மறுநாள் சேவுகன் பெயரை எழுதினேன்.
எந்தப் புண்ணியவான் கையெழுத்திலோ ரேகைக்கு விலக்கு வந்திருந்தது.
சேர்ந்த தேதி என்ற இடத்தில்
அன்றைய தேதி.
"இன்னிக்குத்தான் வந்தேனா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

கட்டில் உயரம், தலை சுத்துது என்று
இன்னும் பாயில்தான் படுக்கிறார்.
பதினொன்றாம் கட்டில் பதிவேட்டில் நிரம்பியிருக்கிறது.
சாத்தப்பன் அதில் துண்டு காயப்போடுகிறார்.