ஜாம் போத்தல்

அறுகம்பேயில் புறப்படும்போது
எவரெட் ஒரு ஜாம் போத்தலில் கடலை அள்ளிக்கொண்டான்.
மூடி சரியில்லை என்றேன்.
கொழும்புக் கடலுக்குக் காட்டவேண்டுமாம்.
ஆறு வயது. விவாதத்துக்கு இடமில்லை.

நானும் றெக்ஸும் கதைத்து அப்போது
பதினாறு மணித்தியாலம்.
வேலையை விட்டுவிட்டதை அவர் எனக்குச் சொன்னது
முதல்நாள் பின்னேரம், இடுப்பளவு அலைக்குள் நின்றுகொண்டு,
இரைச்சலில் பாதி கேட்காது என்ற நம்பிக்கையில்.
எல்லாம் கேட்டது.
இந்த ஓல்ட்டோவின் லீசிங்
இன்னும் முப்பத்தியொரு மாதம்.

வீதியோரக் கற்களில் கொழும்பு, கொழும்பு என்று
முந்நூற்றுச் சொச்சத்திலிருந்து
குறைந்துகொண்டே வந்தது இலக்கம்.
கடன் மட்டும் இப்படிக் குறைவதில்லை.

லகுகலவில் யானைகள்.
ஓகஸ்ற் வெயிலில் குளம் சுருங்கிப் புல்லாகி,
புல்லுக்கு மேலே முதுகுகள் மட்டும்.
பத்தொன்பது என்று எண்ணினான் எவரெட்,
பிறகு, இல்லை, ஒன்று கல்.
கல் என்று அவன் கழித்தது எழும்பி
வீதிக்கு ஏறி நின்றது.
எஞ்சினை நிறுத்தினேன்.
அதன் வயிற்றுக்குள் பீப்பாய் உருளும் சத்தம்.
'ரிவர்ஸ்' என்றார் றெக்ஸ், மூச்சுக்குள்.
பதினேழாம் மணித்தியாலத்தில் முதல் சொல்.
நான் போடவில்லை. கை வரவில்லை.
தவணை தப்பிய வண்டியைப் பார்க்க வந்த
கம்பனிக்காரன் மாதிரி
பொனற்றையும் ரயரையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு
அது மற்றப் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கியது.

மொனராகலையில் அவித்த சோளம், மூன்று.
மிச்சக் காசை றெக்ஸ் இரண்டுதரம் எண்ணினார்.
முன்பு எண்ணாத மனிதர்.

வெல்லவாய கழிய மலை.
ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினோம்,
காருக்கு மூச்சு வேண்டுமே.
ஒவ்வொரு வளைவுக்கும் பின் சீற்றில் போத்தல்
அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.
தியலும அருவி வற்றி
பாறையில் ஒட்டிய நூலாய்க் கிடந்தது.

கொஸ்லந்தையில், மண் சரிந்த மலைக்குக் கிட்ட வர,
றெக்ஸ் ரேடியோவை நிறுத்தினார்.
யாரும் சொல்லவில்லை.
தெரியாதவர் பார்த்தால் அது வெறும் பச்சை.
தெரிந்தவர் கை
தானாகத் திருகிக்கு நீள்கிறது.
பெரகல வரைக்கும் திரும்பப் போடவில்லை.
இவரைத்தானே கட்டினேன் என்று
இரண்டாம் கியரில் நினைத்தேன்.
சொல்லவில்லை.

பெலிஹுல்ஓயாவுக்கு முன் ஒரு கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும்.
மேலே முகில் விலகிய இடத்தில்
செங்குத்தாய் ஒரு சுவர்: உலக முடிவு.
போன வருஷம் அதன் விளிம்பில் நின்று
கீழே பார்த்துப் பயந்தவர்கள் நாங்கள்.
கீழே இருந்தது இதுதான்,
ஒரு ரொட்டிக்கடை, ஒரு ரயர் கடை,
கயிற்றில் காயும் பிள்ளைச் சட்டை.
'இங்க பழகலாம்' என்றார் றெக்ஸ், வாயில் ரொட்டியோடு.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன் என நினைக்கிறேன்.
உறைப்பாகவும் இருக்கலாம்.

இரத்தினபுரியில் மழை. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது, என் பக்கத்தது.
அவிசாவளைக்குப் பிறகு
விடுமுறை முடிந்த ஊர் முழுவதும் எங்கள் முன்னால்,
சிவப்பு விளக்குகளாய்.
கொட்டாஞ்சேனைக்கு வர இரவு பதினொன்று.
எவரெட்டை அவர் தூக்கினார், பைகளை நான்.
கடலை ஒருவரும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை, ஆமர் வீதிச் சிக்னல்.
பிரேக்கை அழுத்த
சீற்றுக்கு அடியிலிருந்து உருண்டு வந்து
குதிக்காலில் முட்டியது.
பாதிக்குமேல் சிந்தி,
கால்விரிப்பில் வெள்ளைப் படம்.
பச்சை விழுந்தது, பின்னால் பஸ்காரன் கத்தினான்.
எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.
மூடி சரியில்லை.
பாவாடை நனைந்தது.
அப்படியே ஒபிசுக்குப் போனேன்.