பதினேழு பஞ்சர்

பன்னிரண்டாவதில் கணக்குப்பதிவியல்தான்
எனக்குப் போச்சு, இரண்டு மார்க்கில்.
ஆனாலும் மன்றத்துக்குப் பொருளாளர் நான்.
எழுத்து குண்டு குண்டாக இருக்கும்,
சாயங்காலம் வேறெங்கும் போகமாட்டேன்,
அதோடு மற்ற பதவிகளை எல்லாம்
மற்றவர்கள் கேட்டுவிட்டார்கள்.

பழைய ரேஷன் கடைதான் மன்றம்.
சுண்ணாம்புக்கு அடியிலிருந்து இன்னும்
‘பாமாயில் இருப்பு இல்லை’ தெரியும்.
அதன் மேல்தான் பதிவு எண்ணை எழுதினோம்.
உள்ளே ஒரு கேரம் போர்டு, துருப்பிடித்த பீரோ,
பீரோவுக்குள் ஒரு வாலிபால்.
வெளியே வேப்பமரத்தில்
போலீஸ் செலக்‌ஷனுக்கு ஏறிப் பழக ஒரு வடம்.

மாதச் சந்தா இருபது ரூபாய்.
கால்வாயில் சீமைக்கருவேலம் வெட்டிக்
கரிமூட்டக்காரருக்கு எடைபோட்ட காசு.
கொடைக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்ததில்
மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு.
வரவுப் பக்கத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவுப் பக்கம்தான்.

பந்து பஞ்சர், ரூ. 35.
உச்சிமாகாளி திருநெல்வேலிக்கு
உயரம் அளக்கப் போன பஸ் காசு.
ஒரு சென்டிமீட்டர் குறைந்து திரும்பியவன்
பத்து நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

பந்து பஞ்சர், ரூ. 210.
பேச்சிக்கனியின் அரியர் பீஸ்.

பந்து பஞ்சர், ரூ. 60.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
கீழத்தெருப் பிரசவம் ஒன்றுக்கு
ரத்தம் கொடுக்கப் போனான் மேலத்தெருப் பூலுடையார்.
வீட்டில் சொல்லவேண்டாம் என்றான்.
நான் நோட்டிலும் சொல்லவில்லை.

பந்து பஞ்சர், ரூ. 45.
இது பெண்பிள்ளைகள் ஏழு பேர்
கதவைச் சாத்திக்கொண்டு போட்ட தீர்மானம்.
பீரோவின் கீழ்த்தட்டில்
செய்தித்தாள் சுற்றி இருக்கும்,
வேண்டியவள் எடுத்துக்கொள்ளலாம்.

பெயரை எழுதினால் யாருக்கும் கை நீளாது.
பந்துக்குக் கூச்சம் கிடையாது.

ஆண்டுக் கூட்டத்தில் தளவாய் எழுந்தான்.
“ரெண்டு வருசத்துல பதினேழு பஞ்சர்.
பந்து ஒண்ணே ஒண்ணு.
அதுல ஒரு பஞ்சர் இருநூத்திப் பத்து ரூவா.
ஏ புள்ள, நாம என்ன
முள்ளுக்காட்டுக்குள்ளயா வெளையாடுதோம்?”

எல்லோரும் சிரித்தார்கள்.
சிலர் சிரிக்கவில்லை.
சிரிக்காதவர்களை எண்ணிப் பார்த்தேன்.
கணக்கு சரியாக இருந்தது.

பதினோராவது பஞ்சர்
அவன் தங்கையின் நர்சிங் விண்ணப்பம்.
அவள் ஜன்னலோரம் நின்று
நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லவே
தொண்டை அடைக்கும் எனக்கு.
நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்றேன்.
“பந்து மட்டமான பந்து,” என்றேன்.
பொதுக்கூட்டத்தில் நான் பேசிய முதல் பேச்சு
முழுப் பொய்.
குரல் நடுங்கவே இல்லை.

மறுநாள் பீரோவைத் திறந்தால்
பந்து தளர்ந்து கிடந்தது,
வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கருவேல முள்.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
கையிருப்பு ஒன்பது ரூபாய்.

பஸ் ஸ்டாப் சைக்கிள் கடை ஞானதிரவியம்
பந்தை மடியில் வைத்து
உருட்டி உருட்டிப் பார்த்தார்.
“போன வாரமே தளவாய் வந்து கேட்டாம்மா,
பதினேழு தடவ ஒட்டுனது நீருதானான்னு.
ஆமாடே, ஒவ்வொண்ணும் பெரிய ஓட்டைன்னுட்டேன்.”
அரத்தை எடுத்து ரப்பரைத் தேய்த்தார்.
“பந்த இன்னைக்குத்தான் பாக்கேன்.”

ஒன்பது ரூபாயையும் வாங்கிக்கொண்டார்.

ஆறு மணிக்குத் தளவாய் சர்வீஸ் போட்டான்.
ஒட்டுப் போட்ட பக்கம் தரையில் படும்போதெல்லாம்
பந்து கொஞ்சம் கோணலாக எழும்பிற்று.
இரண்டு ஆட்டம் தோற்றோம்.
மூன்றாவதில்
அது எந்தப் பக்கம் கோணும் என்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.