செல்லும் எண்கள்

மூன்று தாள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு எண்கள்.
புது மென்பொருளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.
மார்ச் கடைசி. முக்கூடலில், பீடிக் கம்பெனி மாடியில்,
மின்விசிறிக்கு எழும்பப் பார்க்கும் தாள்களைப்
பசைப்புட்டி வைத்து அமுக்கி
விரல் ஓட்டி வாசிக்கிறேன்.

1010 ரொக்கம் கையிருப்பு.
1020 வங்கி, பாளையங்கோட்டை.
1340 இலை. 1350 தூள்.
1360 நூல், சிவப்பு.
1361 நூல், பச்சை.
பச்சைக்கு எதற்குத் தனி எண்ணென்று
கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.
எப்போதோ யாரோ பச்சைக்காக
மல்லுக்கு நின்றிருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் பத்துப் பத்தாகத் தாண்டுகிறது.
நடுவில் விட்ட ஒன்பதும்
இனிமேல் வரப்போகும் கணக்குகளுக்காம்,
பஸ்ஸில் ஜன்னல் வழியே
துண்டு போட்டுப் பிடித்த சீட்டு மாதிரி.

5210 லாரி வாடகை.
5260 பூஜைச் செலவு.
5270 எலிப்பொறி.
எலிப்பொறிக்கு எண் இருக்கிறது.

இதை நான் வாசிக்கக் காரணம் ஒரு வவுச்சர்.
காலையிலிருந்து நாலு தரம் அடித்தாயிற்று.
நாலு தரமும் திரை சிவக்கிறது:
செல்லாத கணக்கு எண்.

வவுச்சரில் செக்கர் ஏசுவடியானின் சாய்ந்த எழுத்து:
சுடலைவடிவு, பாஸ்புத்தகம் 212.
கழிவென்று தள்ளிய ஆறு கட்டு
திரும்பப் பார்த்ததில் நல்ல பீடி.
கூலி திருப்பிக் கொடுத்தது, ரூபாய் 36.

அன்றைக்கு அவள் வந்ததை மேலேயிருந்து பார்த்தேன்.
சத்தம் போடவில்லை.
தள்ளிய கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள்.
"நீங்களே பத்தவச்சுப் பாருங்க அண்ணாச்சி,
நடுவுல அணைஞ்சா நான் பேசாமப் போயிருதேன்."
அவர் பற்றவைத்தார்.
வரிசையில் நின்ற அத்தனை பெண்களும்
ஓர் ஆண் பீடி குடித்து முடிப்பதைப்
பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
நூல்வரைக்கும் இழுத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்தார்.

4310 கழிவு பீடி விற்பனை.
இது இருக்கிறது. வரவு.
கூலி இல்லாமல் ஒதுக்கினது
இந்த வழியாகக் காசாகி உள்ளே வருகிறது.
வெளியே போகிற வழியைத் தேடினேன்,
மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே.
தப்பாக எடுத்ததைத் திருப்பித் தருதல்:
அப்படி ஒரு வரி இல்லை.
இருபத்தெட்டு வருடத்தில் தேவையே வரவில்லையா,
எண் இல்லாததால் யாரும் கொடுக்கவில்லையா,
அதை அட்டவணை சொல்லாது.

"கூலியில போடும்மா" என்றார் மேனேஜர்.
கூலி, 5110, பீடி எண்ணிக்கை கேட்கிறது.
அந்த நூற்றைம்பதும் ஏற்கெனவே கழிவில் ஏறிக் கிடக்கிறது.
"அப்ப எலிப்பொறியில போடு" என்று சிரித்தார்.
நானும் கொஞ்சம் சிரித்தேன்.
பிறகு சிரித்ததற்காக என்மேல் எரிச்சல் வந்தது.

9990 அனாமத்து.
எதையும் ஏனென்று கேட்காத எண்.
முப்பத்தாறை அதில் தள்ளினேன்.
திரை பச்சையானது. பதிவானது.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம்
தலைமை அலுவலகத்திலிருந்து போன்.
"அனாமத்து காலியாகணும்மா.
முப்பத்தாறு ரூவா நிக்குதே, யாருது அது?"
சுடலைவடிவுதுன்னு சொன்னேன்.
"அப்படி எண் கிடையாதே."
கிடையாது சார்.
விரல் தானாக 4310க்கும் 4320க்கும் நடுவில்
வெறும் தாளில் நின்றது.
4311 காலியாத்தான் இருக்கு சார்.

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.
யாரிடமோ என்னமோ கேட்டார்.
கீழே பாப்பாக்குடி பஸ்
ஆள் ஏற்ற ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
"சரி. பேரு என்ன போட?
முப்பது எழுத்துக்குள்ள சொல்லணும்,
அதுக்கு மேல திரை எடுக்காது."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு
விரல்களை மடக்கத் தொடங்கினேன்.