இருநூற்று எழுபத்து மூன்று, பி.பி.

தக்கலையில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு போன்.
எங்கள் வீட்டு அலமாரியின் மேல்,
அம்மை பின்னிய குரோஷா விரிப்பில்,
டயலில் சின்னப் பூட்டோடு இருந்தது.
தெருவில் யார் கல்யாணக் கார்டு அடித்தாலும்
கீழே எங்கள் எண்ணைப் போட்டு
பக்கத்தில் பி.பி. என்று சேர்ப்பார்கள்.
பி.பி. என்றால் நான்தான் என்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மணி அடிக்கும். அம்மை எடுப்பாள்.
"வைக்காண்டாம், பிள்ளை போறான்."
அதற்குள் நான் நடையிறங்கியிருப்பேன்.

கிறிஸ்டிபாய் டீச்சர் வீட்டில்
நாயைக் கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.
தாணுலிங்கம் மாமாவுக்குப் பின்வழி,
வாழைக்கு வெட்டிய சால் தாண்டி.
வில்பிரட் அண்ணன் எப்போது போனாலும் குளித்துக்கொண்டிருப்பார்.
ஈரத்துண்டோடு ஓடிவந்து
யாரோ மேனேஜரிடம் இங்கிலீஷில் பேசுவார்,
தரையெல்லாம் சொட்டும்.

போன் வந்திருக்கு என்பதற்கு மேல்
ஒன்றும் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் சட்டம்.
ஆனாலும் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு
கிறிஸ்டிபாய் டீச்சர் செருப்பில்லாமல் வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ கழிந்தால்
தம்மாமிலிருந்து சபியத் மைனிக்கு.
தெருவின் கடைசி வீடு.
முந்நூற்றிப் பத்து எட்டு, ஓடினால் குறையும்.
நான் எடுத்தால் அசனார் அண்ணன் கத்துவார்:
"ஓடுடே மக்கா, ரியாலு ஓடுது!"

மைனி ஓடமாட்டாள்.
தட்டத்தை இழுத்துவிட்டு, தெரு பார்க்கிறதென்று நடப்பாள்.
எங்கள் வீட்டுப் படி தெரிந்ததும் ஓட்டமாகும்.
பிறகு எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று
ம் என்பாள். ஆமா என்பாள்.
"பிள்ளைக்குப் பல்லு ரெண்டு வந்தாச்சு."
அப்பா பேப்பரை விரித்து
ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

இடவப்பாதி மழை விட்டிருந்த ஒரு வெள்ளி.
அம்மை எடுத்து, ரிசீவரை விரிப்பில் கிடத்திவிட்டு
அடுக்களைக்குப் போனாள். நான் ஓடினேன்.
கலுங்கடியில் பையன்கள் ஒரு ஆமையை
மல்லாக்கப் போட்டிருந்தார்கள்.
அது கால்களால் வானத்தில் நடந்துகொண்டிருந்தது.
கொஞ்சம் நின்றேன்.
கொஞ்சம் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.

மைனி வந்து ரிசீவரைக் காதில் வைத்தாள்.
பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது,
அறுந்துபோன லைனின் நீண்ட ங்.

அம்மை கைதுடைத்துக்கொண்டு வந்தாள்.
மைனி சொன்னாள்,
"ம். சொகந்தான். மழையா, இங்க நல்ல மழை."
ங்.
"சாப்பிட்டேளா?"
ங்.
"சரி, பிறவு கூப்பிடுங்க."
மெல்ல வைத்தாள். பேசினாரா என்று கேட்ட அம்மையிடம்
பேசினாரு என்றாள்.
போகும்போது என் தலையில் கைவைத்தாளா,
வைத்தாள் என்று நானே சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

அடுத்த வெள்ளி போன் வரவில்லை. அதற்கடுத்ததும்.
ஓணம் கழிந்துதான் வந்தது.
அன்று நான் ஓடிய ஓட்டத்தில் முட்டி பெயர்ந்தது.

இப்போது கல்யாண மண்டபங்களில்
அந்தத் தெருக்காரர்கள் சந்தித்தால்
அது ஒரு காலம் டே, எவ்வளவு லேசா இருந்தது என்கிறார்கள்.
நானும் தலையாட்டுகிறேன்.
எனக்கு லேசாகத்தான் இருந்தது.
போனின் பாரம் கால்களில் மட்டும்.

சபியத் மைனியின் நம்பர் என்னிடம் இருக்கிறது.
பல்லு முளைத்த அந்தப் பிள்ளைதான் அனுப்பினான்.
இன்னும் கூப்பிடவில்லை.

ஆனால் யாரைக் கூப்பிட்டாலும்
சட்டென்று நான் வைப்பதில்லை.
மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும்.
அங்கே ஒரு பையன் நடையிறங்கியிருக்கலாம்.
வழியில் ஆமை கிடக்கலாம்.