மூன்று விழுக்காடு

இரவு பதினொன்றுக்கு என் பெரட்டு.
பகாவ், இரயில் பாதைக்குப் பின்னால்,
கீழே டயர் கடை, மேலே என் அறை.
திட்டம் போட ஒருவர், எழுத ஒருவர்,
எழுதியதை உடைத்துப் பார்க்க ஒருவர்.
ஒருவர் என்கிறேன், வேறு சொல் வரவில்லை.
யாருக்கும் காய்ச்சல் இல்லை,
யாரும் முன்பணம் கேட்பதில்லை.
மாதக் கடைசியில் என் வங்கி அட்டையை மட்டும்
சத்தமில்லாமல் கடிப்பார்கள்.

வேலை இதுதான்:
சூன் ஹுவாட் தவுக்கேயின் செம்பனை நிறுவைக்கு
ஒரு மென்பொருள்.
சுமையோடு லோரிக்கு ஓர் எடை,
இறக்கிய பின் ஓர் எடை,
கழித்தால் குலை, பெருக்கினால் பணம்.
இரண்டே வரியில் சொல்லிவிட்டேன்.
திட்டக்காரர் முப்பத்தொரு கேள்வி அனுப்பினார்.

உள்ளே வந்த லோரி வெளியே போகாவிட்டால்?
மின்சாரம் போன நேரத்து எடைக்கு யார் கையெழுத்து?
ஒரே அடையாள அட்டையில் இரண்டு நிலம் இருந்தால்?
பழுக்காத குலைக்கு எவ்வளவு வெட்டு,
நீளக் காம்புக்கு எவ்வளவு?
தே ஓ ஆறும்வரை பதில் எழுதினேன்.
நிறுவைக் கொட்டகையில் ஒரு நாள்கூட
வேலை செய்யாத எனக்கு
எல்லாம் தெரிந்திருந்தது போல இருந்தது.

இருபத்திரண்டாவது கேள்வி:
'நீங்கள் படமெடுத்து அனுப்பிய நானூறு ரசீதிலும்
மூன்று விழுக்காடு தனியாகக் குறைகிறது.
இதற்கு விதி என்ன?'

காலையில் கிராணி தனபாக்கியத்திடம் கேட்டேன்.
அது அப்படித்தாம்மா,
எனக்கு முன்னால் இருந்த கிராணியும் அப்படித்தான், என்றார்.
தவுக்கே ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தார்.
'ஈரம் லா.'
பிப்ரவரியிலுமா?
'காற்றிலும் ஈரம் இருக்கு.'
பாதிப் பணம் வாங்கியாகிவிட்டது.
மீதிப் பாதி அவர் மேசை இழுப்பறையில்.

அந்தக் கேள்வியை மட்டும் காலியாக விட்டு
மற்றதை முடியுங்கள் என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

விடிந்தபோது எல்லாம் பச்சை.
இருநூற்றுப் பதினான்கு சோதனை,
ஒன்றுகூடத் தோற்கவில்லை.
நடுவில் எங்கோ, யாரும் திறக்காத கோப்பில்,
எழுதுகிறவர் ஒரு குறிப்பு விட்டிருந்தார்:
'மூன்று விழுக்காடு, ஈரக் கழிவு.
முதலாளி ஒப்புதல் உண்டு எனக் கொள்ளப்பட்டது.'

ஈரம் என்ற சொல்லை
நான் அதனிடம் சொல்லவே இல்லை.

திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன்.
பதில் வராத இடத்தில்
கேட்க நன்றாக இருக்கும் பதிலை வைத்து
மேலே போயிருக்கிறது.
தனபாக்கியமும் அதைத்தான் செய்தார்,
நான் தூங்கியது வேறென்ன?

குறிப்பை அழித்தேன். புதிதாய் எழுதினேன்:
தானாக எதுவும் வெட்டக் கூடாது.
வெட்டுகிறவர் காரணம் எழுத வேண்டும்.
காரணம் ரசீதில் அச்சாக வேண்டும்.
நான்கு நிமிடம்.
உடைக்கிறவர் காரணத்தைக் காலியாக விட்டுப் பார்த்தார், நகரவில்லை.
வெறும் இடைவெளியைத் தட்டிப் பார்த்தார், அதுவும் நகரவில்லை.
சரி என்றார்.

திங்கட்கிழமை முதல் லோரி
இருதயசாமியுடையது. இரண்டரை ஏக்கர்,
இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோ.
வெட்டு அறுபத்துநான்கு.
காரணம் என்ற கட்டத்தில் தனபாக்கியத்தின் விரல்
கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தட்டினார்.
ரசீது வந்தது.
'காரணம்: .'

இருதயசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளை வெயிலில் பிடித்தார்.
'என்னாம்மா இது, புள்ளி?'
பின்னால் நின்ற லோரிக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.
பாக் ரம்லியும் எட்டிப் பார்த்தார்.
ஒரு புள்ளியை இத்தனை பேர் படித்து
நான் கண்டதில்லை.
தனபாக்கியம் யார் முகத்தையும் பார்க்கவில்லை,
தவுக்கே அறையின் கண்ணாடியைப் பார்த்தார்.

அன்றிரவு பெரட்டில் திட்டக்காரர் கேட்டார்:
புள்ளியைக் காரணமாக ஏற்காதபடி
ஒரு தடை சேர்க்கட்டுமா?

வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன்.
ரசீதில் அந்த எழுத்தை மட்டும்
கொஞ்சம் பெரிதாக்கு.