எண்பத்தெட்டாம் வரி

பீல் நகரக் கண் மருத்துவமனையில்
இரவு பதினொன்றுக்கு ஒரு நிரல் எழுந்து
சர்க்கரை நோயாளிகளுக்குக் கடிதம் அடிக்கும்,
விழித்திரையைக் காட்ட வாருங்கள் என்று,
பாதிப் பேருக்கு பிரெஞ்சில், பாதிப் பேருக்கு ஜெர்மனில்.
ஏழு வருடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை,
கையளிக்கும்போது பெருமையாகச் சொன்னார்கள்.

நிற்காததைக் கண்டால் எனக்குச் சந்தேகம்.
திறந்து படித்தேன்.
எண்பத்தேழாம் வரி
பெயரை இடைவெளியில் வெட்டி
இரண்டாம் துண்டைக் குடும்பப் பெயராக எடுக்கிறது.
அடுத்த வரி ஒரு வலை:
எந்தப் பிழை வந்தாலும் பிடி.
பிடித்து?
ஒன்றுமில்லை. கடந்து போ.
ஓரத்தில் உர்ஸ் ஏப்லி விட்டுப்போன குறிப்பு:
'இது நடக்கவே நடக்காது.'

ஓர் எண்ணியைச் செருகி
பழைய இரவுகளை மறுபடி ஓட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு முறை
நடந்திருக்கிறது.

பசாங். நசீபா. சுமார்த்தி.
கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஏறாமலே வந்து சேர்ந்த
அருந்தவச்செல்வி.
இல்லாத துண்டைக் கேட்டது நிரல்.
இல்லை என்றன பெயர்கள்.
அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை.

நம் மொழியில் இதற்கு விதிவிலக்கு என்று பெயர்.
தானாக விலகியதா, யாரோ விலக்கியதா,
சொல் வாய் திறக்காது.
ஆனால் விதியை எழுதியது யார் என்று
கோப்பின் வரலாற்றில் இருக்கிறது:
உர்ஸ், ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை நாலு ஐம்பத்திரண்டு.

அவரைத் திட்ட வாய் வரவில்லை.
வங்கிக் கடிதங்களை உறை கிழிக்காமல்
குளிர்சாதனப் பெட்டியின் மேல் அடுக்குகிறவள் நான்.

வலையைச் சிறிதாக்கினேன்.
இரண்டாம் துண்டு இல்லையா, முதல் துண்டே பெயர்.
முகவரி காணோமா, தனியே எழுதி வை,
காலையில் ஒருவர் பார்ப்பார்.
எனக்குப் பெயர் தெரியாத பிழை எதுவானாலும்
பிடிக்காதே, கத்த விடு.
கடைசியில், எது நடந்தாலும்,
திறந்த கோப்பை மூடு.
கத்தினால் அழைக்க என் கைபேசி எண்.

செவ்வாய்க்கிழமை முதல் அலறல்.
யாரோ பெப்ரவரி முப்பதில் பிறந்திருக்கிறார்.
திருத்திவிட்டுப் படுக்கும்போது
பனிமூட்டத்துக்குள் முதல் பேருந்து போனது.

'முன்பெல்லாம் பிழையே வராதே'
என்றார் துறைத் தலைவர் மூஸர்.
'வந்தது, ஐயா. சொல்லத்தான் இல்லை.'
அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.
சீனி போடாத காப்பி.

மூன்று வாரம் கழித்து
கடிதமும் கையுமாகப் பசாங் வந்தார்.
நான் தண்ணீர் எடுக்கப் போன நேரம்.
வரவேற்பில் கொரின் கேட்டாள்: குடும்பப் பெயர்?
'பசாங்தான். அவ்வளவுதான்.'
திரையில் இரண்டாம் கட்டம்
சிவப்பாகி நகர மறுத்தது.
கொரின் இரக்கமுள்ளவள்.
பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்தாள்,
கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.
படிவம் பச்சையானது.

இரவு பதினொன்றுக்கு
அந்தப் புள்ளி என்னிடம் வரும்,
பிழையாக அல்ல, சரியான இரண்டாம் துண்டாக.
என் நிரல் கத்தாது. பணிவோடு அச்சடிக்கும்:
மதிப்புக்குரிய திருமதி புள்ளி.