சிவப்பு முள்

பச்சைப் பெட்டியைத் திறந்ததும்
முதலில் சூடான எண்ணெயின் வாடை.
பிறகு அந்த முனகல்,
மூடிய வாய்க்குள் யாரோ
ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

ஓட்டெரும் என்று ஓர் ஊர்.
கடலைவிட ஒரு முழம் தாழ்ந்து கிடக்கும்
ஃபிரீஸ்லாந்தின் வடக்கு ஓரம்.
நூற்றெண்பது வீடுகள்,
அத்தனைக்கும் இந்த ஒற்றை மின்மாற்றி.

அளவியில் இரண்டு முட்கள்.
கறுப்பு, இந்தக் கணத்தைச் சொல்லும்.
சிவப்பு தானாக நகராது.
கறுப்பு தள்ளிய இடம்வரை போய்
அங்கேயே நின்றுவிடும்,
கறுப்பு இறங்கி வந்த பிறகும்.

அதைப் படிக்கத்தான் என்னை அனுப்புகிறார்கள்.
தாங்குமா, தாங்காதா,
அலுவலகத்துக்கு ஒரு சொல் போதும்.

முந்நூற்று அறுபது ஆம்பியர் இதன் உடம்புக்கு.
சிவப்பு முள் நிற்பது நானூற்றுப் பன்னிரண்டில்.
எவ்வளவு என்று அதற்குத் தெரியும்.
எப்போது என்று தெரியாது.

தேதி தேடி வீதியில் நடந்தேன்.
"கால்வாய் உறைந்த ஞாயிறுதான், வேறென்ன"
என்றாள் ச்சிட்ஸ்கே,
சறுக்குக் கத்திகளுக்கு எண்ணெய் போட்டபடி.
ஆறு வருடம் கழித்து
ஆள் ஏறினால் தாங்கும் பனி.
கைக்குழந்தை, பாதிரியார், பால்பண்ணைக்காரர்,
இடுப்பு மாற்றிவைத்த வோப்கே உட்பட
பகல் முழுக்கப் பனியின்மேல்.
ஐந்து மணிக்கு இருட்டியது.
ஊரே ஒன்றாக வீடு திரும்பியது.
ஒன்றாகக் கார்களைச் செருகியது.
விறைத்த கால்களுக்கு வெந்நீர்,
அடுப்பில் பட்டாணி சூப்,
மைனஸ் ஒன்பது காற்றிலிருந்து
வெதுவெதுப்பைப் பிழிந்துகொண்டு
சுவருக்குச் சுவர் வெப்பப் பம்புகள்.

காலையில் கால்வைக்கும் முன்
கோலால் தட்டி, குனிந்து காதுவைத்து
பனி தாங்குமா என்று கேட்டவர்கள்தாம் எல்லோரும்.
சுவிட்சுக்கு யார் காதுவைப்பார்கள்?

பழைய வரைபடத்தின் மூலையில் ஒரு கையெழுத்து:
ஆ. போஸ்மா, 1971.
வீட்டுக்கு ஒன்றேகால் கிலோவாட் என்று போட்டவர்.
வீட்டு ஃபியூஸ் அதைப்போல் பல மடங்கு விடும்,
அவருக்கும் தெரியும்.
ஒருத்தி துவைக்கும்போது அடுத்த வீட்டுக்காரி தூங்குவாள்,
எல்லோரும் ஒன்றாகக் கேட்கமாட்டார்கள்.
அந்த நம்பிக்கையைத்தான் கேபிளாக முறுக்கி
களிமண்ணில் புதைத்தார்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

அன்று பெட்டி பிழைத்ததும் பனியால்தான்.
கேட்கவைத்த குளிரே
எண்ணெய்க்கு விசிறியும் வீசியிருக்கிறது.
இதே நானூற்றுப் பன்னிரண்டு
ஒரு ஜூலை மாலையில் என்றால்...
அறிக்கையில் அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

கிளம்பும்போது ஹில்கே வழிமறித்தார்.
முழங்கைவரை மாவு.
"எரிவாயுவை விடு என்றது நீங்கள்.
மின்னடுப்பு கேட்டால் வரிசையில் நில் என்பதும் நீங்கள்.
இரண்டாயிரத்து முப்பத்தொன்றாம், வீட்ஸ்கே!
அதுவரை என் ரொட்டி வெயிலிலா வேகும்?"

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது.
"அடுப்பு எத்தனை மணிக்கு?"
"இரண்டரையிலிருந்து ஆறு. எத்தனை மணிக்கென்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை."

போன அக்டோபரில் கேபிள் பழுதுக்காக
ஓர் இரவு இங்கே நின்றிருக்கிறேன்.
மூன்று மணிக்குக் கறுப்பு முள்
எழுபதில் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

வண்டிக்குள் அவருடைய விண்ணப்பத்தைத் திறந்தேன்.
எவ்வளவு என்பதற்குக் கட்டம் இருக்கிறது.
எப்போது என்பதற்கு இல்லை.
எங்கள் படிவமும் ஒரு சிவப்பு முள்தான்.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: இரவு 2.30 முதல் 6.
கணினி ஓரங்களை வாசிக்காது.
யாராவது மனிதர் வாசிக்கலாம்,
வாசிக்காமலும் போகலாம்.

திரும்பிப் போய்க் குமிழைத் திருகினேன்.
சிவப்பு முள் சரிந்து வந்து
கறுப்பின்மேல் சாய்ந்தது, நூற்று நாற்பதில்.
மாலை ஐந்தேகால்.
வேலைக்குப் போன கார்கள்
பாலம் ஏறி வரத் தொடங்கியிருந்தன.
நான் கதவைச் சாத்துவதற்குள்
கறுப்பு அதைத் தள்ள ஆரம்பித்திருந்தது.